தலையை அழுத்தினால் இடுப்பு ஏன் வலிக்கிறது? கார்டன் வாடெலின் ஐந்து குறிகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

நிற்கிறவரின் உச்சந்தலையில் இரண்டு கைகளையும் வைத்து மெதுவாகக் கீழே அழுத்த வேண்டும். ஒரு குடம் தண்ணீரின் கனம்கூட வேண்டாம். அந்த அழுத்தத்தில் கழுத்து வேண்டுமானால் வலிக்கலாம், இடுப்பு வலிக்கக் காரணமில்லை. ஆனால் சிலருக்கு வலிக்கிறது. கையை வைத்த மாத்திரத்தில் "அம்மா" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிடுகிறார்கள்.

பிசியோதெரபி படித்த நாட்களில் இதை 'வாடெல் சைன்ஸ்' என்று மனப்பாடம் செய்தோம். மொத்தம் ஐந்து குறிகள். வாய்மொழித் தேர்வான வைவாவில் ஐந்தையும் வரிசையாக ஒப்பித்தால் மார்க் விழும். ஐந்தில் மூன்று வந்தால் என்ன அர்த்தம் என்று கேட்பார்கள். "நடிக்கிறார் சார்" என்போம், தலையாட்டுவார்கள். பத்துப் பன்னிரண்டு வருஷம் நானும் அப்படியே நம்பிக்கொண்டு காலத்தை ஓட்டினேன். 1980-ல் வந்த மூலக் கட்டுரையை ஒருநாள் தேடி எடுத்துப் படித்தபோதுதான், வைவாவில் நாங்கள் சொன்ன பதில் அதில் இல்லை என்று தெரிந்தது. அதில் இருந்தது வேறு: இந்தக் குறிகள் தென்படுகிறவரின் மனநிலையை இன்னும் விரிவாகப் பார்க்க வேண்டும், அதற்கான எளிய வடிகட்டி இது என்ற யோசனை.

அந்த யோசனை எப்படிக் குற்றச்சாட்டாக மாறியது? கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

டிஸ்க்கின் ராஜ்ஜியம்

1934-ல் பாஸ்டனில் மிக்ஸ்டர், பார் என்ற இரண்டு அறுவை மருத்துவர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கிற டிஸ்க் கிழிந்து, உள்ளே இருப்பது பிதுங்கி, காலுக்குப் போகும் நரம்பை அழுத்தும். அந்தப் பிதுக்கத்தை வெட்டி எடுத்தால் கால்வலி போகும் என்று அதில் காட்டினார்கள். உண்மையான கண்டுபிடிப்புதான். இன்றைக்கும் சரியான ஆளுக்குச் சரியான சமயத்தில் அந்த அறுவையைச் செய்தால், கண்விழித்த அன்றைக்கே "கால் லேசாயிருச்சு" என்பார்கள்.

வினை அப்புறம்தான் வந்தது. கால்வலிக்குக் கிடைத்த விளக்கத்தை இடுப்புவலிக்கும் நீட்டிவிட்டார்கள். முதுகு வலித்தால் டிஸ்க், டிஸ்க் என்றால் கத்தி. அடுத்த முப்பது நாற்பது வருஷத்துக்கு மேலை நாடுகளில் இதுதான் நடைமுறை. "டிஸ்க் விலகிடுச்சு", "ஜவ்வு தேஞ்சிடுச்சு" என்று நம் ஊரில் பேசிக்கொள்கிறோமே, அந்தப் பேச்சுக்கு அந்தக் கட்டுரைதான் பாட்டன்.

டிஸ்க் பிதுங்கினால் வலித்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. 1994-ல் அமெரிக்காவில் முதுகுவலியே இல்லாத 98 பேரை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள். 52 சதவீதம் பேருக்கு ஒரு டிஸ்க்காவது புடைத்திருந்தது. எல்லா டிஸ்க்கும் சரியாக இருந்தவர்கள் 36 சதவீதம்தான். இந்த ஆய்வு வருவதற்கு வெகுநாள் முன்னாலேயே, எம்ஆர்ஐ என்ற பெயரே மருத்துவமனைகளுக்குப் பழகாத காலத்திலேயே, ஸ்காட்லாந்துக்காரர் ஒருவருக்குச் சந்தேகம் தட்டியிருந்தது.

கார்டன் வாடெல் 1942-ல் பிறந்தவர், எலும்பு அறுவை மருத்துவர். அவருடைய பெயர் கிளாஸ்கோவோடு, குறிப்பாக அங்கிருந்த வெஸ்டர்ன் இன்ஃபர்மரியோடு சேர்ந்தது. ஆனால் அவரை உலுக்கிய அனுபவம் கனடாவில், டொராண்டோவில் கிடைத்தது என்றே நினைக்கிறேன். ஒன்டாரியோ மாகாணத்தில் வேலை செய்யும்போது அடிபட்டவர்களுக்குத் தொழிலாளர் இழப்பீட்டு வாரியம் பணம் கொடுக்கும், சிகிச்சையும் கொடுக்கும். அப்படி டிஸ்க் அறுவை செய்து, சரியாகாமல் மறுபடி மேஜையில் ஏறிய நூற்றுச் சொச்சம் பேரின் கதையை வாடெலும் சகாக்களும் 1979-ல் எழுதினார்கள். இரண்டாவது அறுவையில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கொஞ்சம் பலன் இருந்தது. மூன்று, நான்கு என்று போகப் போக, தேறியவர்களைவிட மோசமானவர்கள் அதிகம். அறுத்தவர்களே எழுதிய கணக்கு என்பதால் இதற்குத் தனி மதிப்பு.

இத்தனை அறுவையும் எதை நம்பி நடந்தது? நோயாளி வலிக்கிறது என்றார், மருத்துவர் நம்பினார். அதில் தப்பில்லை. ஆனால் வலிக்கிறது என்று சொல்வதில் முதுகெலும்பின் பங்கு எவ்வளவு, பயத்தின் பங்கு எவ்வளவு, வேலை போய்விடுமோ என்ற கவலையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கும் கருவி எதுவும் அறுவை மருத்துவர் கையில் இல்லை. ஐந்து குறிகள் அந்த இடத்தை நிரப்பத்தான் வந்தன.

ஐந்து குறிகள், கிட்டத்தில்

வாடெல், மெக்கலக், கும்மெல், வென்னர் என்ற நால்வர் 'ஸ்பைன்' இதழில் 1980-ல் வெளியிட்ட கட்டுரை அது. வட அமெரிக்காவிலும் பிரிட்டனிலுமாக 350 நோயாளிகள். அதற்கு முந்தின வருஷமே முதுகுவலி ஆய்வுக்கான வால்வோ பரிசை வாங்கிவிட்டிருந்தது.

முதல் குறி தொடுவலி. இடுப்புத் தோலை விரலால் லேசாகக் கிள்ளினாலே துடிப்பது. அல்லது ஓரிடத்தில் இல்லாமல் முதுகு முழுக்க, ஒன்றோடொன்று தொடர்பில்லாத தசை எலும்பு எல்லாவற்றிலும் வலிப்பது.

இரண்டாவது பாவனைச் சோதனை. தலையை அழுத்துவது இதில்தான் வருகிறது. இன்னொன்றும் உண்டு: நோயாளியைக் கால்சேர்த்து நிற்கவைத்து, தோளும் இடுப்பும் ஒரே தகடு மாதிரி சேர்ந்து திரும்பும்படி பக்கவாட்டில் திருப்புவது. பார்க்க முதுகைத் திருகுவதுபோல் இருக்கும். உண்மையில் திருகுவது கால்கள்தான், முதுகெலும்பில் திருகல் இல்லை.

மூன்றாவது திசைதிருப்பல். செய்து பார்த்தால்தான் இதன் சாமர்த்தியம் புரியும். மல்லாந்து படுத்திருப்பவரின் காலை முழங்கால் மடக்காமல் தூக்குகிறோம். ஒரு சாண் தூக்குவதற்குள் "ஐயோ" என்கிறார். சரி என்று விட்டுவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து அவரைக் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு உட்காரச் சொல்லி, பாதத்தைப் பார்க்கிற சாக்கில் முழங்காலை நேராக நீட்டுகிறோம். நரம்புக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே இழுப்புதான். நிஜமாகவே நரம்பு அழுத்தத்தில் இருந்தால் ஆள் பின்னால் சாய்ந்துவிடுவார். சாயாமல் நம்மோடு பேசிக்கொண்டே இருந்தால் அது ஒரு குறி.

நான்காவது, உடற்கூறுக்குப் பொருந்தாத மரப்பும் பலவீனமும். இடுப்புப் பகுதியின் ஐந்தாவது நரம்பான எல்5 பாதிக்கப்பட்டால் காலின் வெளிப்பக்கமும் பெருவிரல் பக்கமும் மரத்துப் போகும். காலுறை போட்ட அளவுக்கு முழுக்கால் சுற்றிலும் மரத்துவிட்டது என்றால் எந்த ஒற்றை நரம்பின் வரைபடத்திலும் அது அடங்காது.

ஐந்தாவது அதீத எதிர்வினை. முகத்தைச் சுளிப்பது, வியர்ப்பது, நடுங்குவது, கத்துவது, சரிந்து விழுவது. இது பார்க்கிறவரைப் பொறுத்தது, ஊருக்கு ஊர் மாறுவது, கவனம் தேவை என்று எழுதியவர்களே எச்சரித்திருக்கிறார்கள். எனக்குப் பிடித்த இடம் இது. ஊசி போடும்போதே "அம்மா" என்று அழைக்கும் ஊர் நம்முடையது. பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருப்பதே கண்ணியம் என்று வளர்ந்த கிளாஸ்கோ துறைமுகத் தொழிலாளியின் அளவுகோலை எங்கள் ஓபியில் வரிசையில் நிற்கும் கிழவிக்கு வைத்தால் என்ன ஆகும்?

ஒரு குறி மட்டும் இருந்தால் அதைப் பொருட்படுத்தக் கூடாது. மூன்றோ அதற்கு மேலோ இருந்தால்தான் கணக்கு. பரீட்சைக்காக இந்த எண்ணை ஞாபகம் வைத்திருந்தோம், எச்சரிக்கையை விட்டுவிட்டோம்.

துடித்தவருக்கு அதிக மருத்துவம்

வாடெலின் மற்றக் கட்டுரைகளைவிட அதிகம் பேசப்பட வேண்டியது, ஆனால் பேசப்படாதது, 1984-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. உளவியலாளர் கிறிஸ் மெயினும் அதில் இருந்தார். முதுகுவலி நோயாளிகளுக்கு இதுவரை கிடைத்த சிகிச்சையின் அளவை எது தீர்மானித்தது என்று பார்த்தார்கள். உடம்பில் இருக்கும் கோளாறு அதிகமென்றால் சிகிச்சையும் அதிகம் என்றுதானே நாம் நினைப்போம்? அப்படி இல்லை. நோயாளியின் மனவேதனையும் அதை அவர் வெளிக்காட்டிய விதமும்தான், உண்மையான உடல் நோயைவிட, சிகிச்சையின் அளவோடு கூடுதலாக ஒத்துப்போயின.

இதைப் படித்தபின் டொராண்டோ கணக்கை மறுபடி பார்க்க வேண்டும். வேதனையில் துடிப்பவரைக் கண்டு மருத்துவர் பதறுகிறார், ஏதாவது செய்தாக வேண்டும் என்று ஊசி, பெல்ட், எடை கட்டி இழுக்கும் டிராக்ஷன், கடைசியில் கத்தி. ஒவ்வொன்றும் தோற்கும்போது வேதனை இன்னும் ஏறுகிறது, அடுத்த சிகிச்சை இன்னும் பெரிதாகிறது. இந்த வண்டியை நிறுத்துவதற்கான பிரேக்காகத்தான் ஐந்து குறிகளை அவர் வைத்தார். குறிகள் தென்பட்டால் அறுவை மருத்துவருக்கு அது சொல்லும் சேதி: இவரை அறுக்க அவசரப்படாதே, வேதனை எங்கிருந்து வருகிறது என்று முதலில் கேள். காப்பாற்ற நினைத்தது நோயாளியை, கருவூலத்தை அல்ல.

அவர் அறுவைக்கு எதிரியும் இல்லை. முதுகுவலியை மூன்றாகப் பிரிக்கும் முறையை மருத்துவர்கள் கைக்கொள்ள வைத்ததில் அவருக்குப் பெரிய பங்குண்டு: சாதாரண முதுகுவலி, நரம்பு வேர் வலி, பிறகு புற்று, தொற்று, எலும்பு முறிவு போன்ற ஆபத்தான சிலது. சிறுநீர் அடைத்துக்கொண்டு, ஆசனவாயைச் சுற்றி மரத்துப்போய் வருகிற ஆளைத் தலையை அழுத்திப் பார்த்துக்கொண்டிருக்க யாரும் சொல்லவில்லை. அவருக்கு அன்றைக்கே அறுவை அரங்கு வேண்டும்.

கிளாஸ்கோவில் ஒரு வெங்காயம்

1987-ல் இன்னொரு வால்வோ பரிசு, இன்னொரு கட்டுரை. முதுகுவலி என்பது மனிதனுக்குச் சளி, தலைவலி மாதிரி. வரும், பெரும்பாலும் தானே போகும். புதிதாக வந்திருப்பது முதுகுவலியால் முடங்கிப்போவதுதான். அந்த முடக்கம் மேலை நாடுகளின் அண்மைக்காலக் கொள்ளைநோய், அதைப் பரப்பியதில் மருத்துவத்தின் கை எவ்வளவு என்று நாம் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று எழுதினார். ஓமான் நாட்டுக்குப் போயிருந்தபோது பார்த்ததை அவர் உதாரணம் காட்டுவார்: அங்கேயும் முதுகு வலித்தது, ஆனால் முதுகுவலிக்காகப் படுத்தபடுக்கையானவர்கள் அபூர்வம்.

அவர் வரைந்த படம் ஒன்று உண்டு. வெங்காயத்தைக் குறுக்கே வெட்டின மாதிரி வட்டத்துக்குள் வட்டம். நடுவில் வலி. அதைச் சுற்றி வலியைப் பற்றிய நம்பிக்கைகள், அதைச் சுற்றி மனவேதனை, அதைச் சுற்றி நோயாளியாக நடந்துகொள்ளும் விதம், எல்லாவற்றுக்கும் வெளியே குடும்பம், வேலை, சமூகம். உடல், மனம், சமூகம் மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் இந்தச் சிந்தனை அவர் கண்டுபிடித்ததல்ல. அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் எங்கெல் 1977-லேயே அதைச் சொல்லிவிட்டார். அறுவை அரங்கிலிருந்து வந்த ஒருவர் அதை முதுகுக்குப் பொருத்தி, அளந்து காட்டியதுதான் புதுசு.

1993-ல் அவருடைய குழு 16 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் போட்டது. 'என் வேலை என் முதுகைக் கெடுத்துவிடும்' போன்ற வாக்கியங்களுக்கு 0 முதல் 6 வரை நோயாளி எண் போட வேண்டும். எவ்வளவு வலிக்கிறது என்பதைவிட, வலியைக் கண்டு எவ்வளவு பயப்படுகிறார் என்பதுதான் வேலைக்குப் போகமுடியாமல் போவதோடு அதிகம் ஒட்டியிருந்தது. எங்கள் துறையில் இன்றைக்கும் அன்றாடம் புழங்கும் படிவம் இது.

பெட் ரெஸ்ட் செத்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதில் வாடெல் தனியாக இல்லை. 1986-ல் ரிச்சர்ட் டேயோ குழு அமெரிக்காவில் ஏழு நாள் படுக்கைக்கும் இரண்டு நாள் படுக்கைக்கும் ஒப்பிட்டது. குணத்தில் வித்தியாசமில்லை, இரண்டு நாள்காரர்கள் வேலைக்குப் போகாமல் இருந்த நாட்கள் 45 சதவீதம் குறைவு. 1995-ல் ஹெல்சிங்கி நகராட்சி ஊழியர்களிடம் நடந்த ஆய்வில், முடிந்தவரை வழக்கமான வேலையைப் பாருங்கள் என்று அனுப்பப்பட்டவர்களே சீக்கிரம் தேறினார்கள். படுக்கப் போனவர்களுக்கு இழுத்தது. வாடெல் இதையெல்லாம் திரட்டி, பிரிட்டனின் குடும்ப மருத்துவர்களுக்கான 1996 வழிகாட்டியில் ஏற்றினார். அதே வருஷம் சாதாரண மக்களுக்கு 'தி பேக் புக்' என்று ஒரு சின்னப் புத்தகம் வந்தது. உடற்கூறு படம், கிழிந்த டிஸ்க் என்று பயமுறுத்தும் எதுவும் இல்லாமல், முதுகு உறுதியானது, அசையுங்கள் என்று பேசிய புத்தகம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாகாணம் 1997-ல் இதே சேதியை டிவி விளம்பரமாகவே போட்டது. முதுகுவலி இழப்பீட்டுக் கோரிக்கைகள் அங்கே குறைந்தன.

நம் பக்கத்தில் "பெட் ரெஸ்ட் மூணு மாசம்" என்று இன்னும் சீட்டில் எழுதுகிறார்கள். போகட்டும்.

கருவி கைமாறுகிறது

1980-க்கும் 1998-க்கும் நடுவே ஐந்து குறிகள் மருத்துவமனையிலிருந்து நழுவி இழப்பீட்டு வழக்குகளுக்குள் போய்விட்டன. காப்பீட்டு நிறுவனத்தின் சார்பில் பரிசோதிக்கும் மருத்துவர் அறிக்கையில் ஒற்றை வரி: 'வாடெல் குறிகள் ஐந்தில் நான்கு'. அதைப் படிக்கும் வக்கீலுக்கு அர்த்தம் ஒன்றுதான்.

ஏன் இப்படி நழுவியது? ஒரு காரணம் அந்தப் பெயரிலேயே இருக்கிறது என்பது என் எண்ணம். 'உடல்சாராக் குறிகள்' என்றுதான் கட்டுரையின் தலைப்பே சொன்னது. உடலில் இல்லை என்றால் மனதில், மனதில் என்றால் கற்பனை, கற்பனை என்றால் பொய் என்று மூன்று படி இறங்குவதற்குச் சாதாரண ஆளுக்கு மூன்று விநாடி போதும். இன்னொரு காரணம் அதன் வசதி. மருத்துவருக்கு ஐந்து நிமிஷம், செலவு இல்லை, கடைசியில் ஒரு எண். எண் என்றால் கோர்ட்டுக்குப் பிடிக்கும். விரிவான உளவியல் பரிசோதனைக்கு அனுப்புங்கள் என்பது கட்டுரையின் அடுத்த படி; அந்தப் படிக்குப் பணமும் ஆளும் வேண்டும், ஆகவே அதை விட்டுவிட்டார்கள்.

1998-ல் மெயினும் வாடெலும் சேர்ந்து அதே 'ஸ்பைன்' இதழில் ஒரு மறுபரிசீலனை எழுதினார்கள். இந்தக் குறிகளைப் பொய்யைப் பிடிக்கும் சோதனையாகப் பயன்படுத்தாதீர்கள், இவற்றை மட்டும் வைத்து ஒருவர் நடிக்கிறார் என்று சொல்ல முடியாது, மருத்துவப் பரிசோதனையின்போது ஒருவர் நடந்துகொள்ளும் விதத்தைத்தான் இவை காட்டுகின்றன என்று. தன் பெயரிலேயே ஊர் முழுக்கச் சுற்றும் ஒன்றைப் பற்றி ஒருவர் பதினெட்டு வருஷம் கழித்து இப்படி எழுத நேர்வதை நினைத்துப் பாருங்கள்.

அடுத்த அடி ஆய்விலிருந்தே விழுந்தது. 2003-ல் ஃபிஷ்பெயின் குழு அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் அலசியது. நோய்வாய்ப்பட்டதால் கிடைக்கும் ஆதாயத்தோடு இந்தக் குறிகளுக்குத் தொடர்பில்லை என்று சொன்னது; நடிப்பு வாதம் அதோடு விழுந்தது. ஆனால் அது அங்கே நிற்கவில்லை. மனவேதனையோடும் இவை ஒத்துப்போகவில்லை, உடல் கோளாறையும் மற்றதையும் பிரித்துக்காட்டவும் இல்லை என்றது. அதாவது வாடெலின் சொந்த விளக்கமே ஆட்டம் கண்டது. மிஞ்சியவை இரண்டு: குறிகள் இருப்பவர்களுக்கு வலி அதிகம், சிகிச்சையின் பலன் குறைவு.

இன்றைக்குப் பார்த்தால் இதில் ஆச்சரியப்பட அதிகமில்லை. 1983-ல் கிளிஃபோர்ட் வூல்ஃப் எலிகளில் காட்டினார்: அடிபட்டபின் தண்டுவடமே உசுப்பேறிப்போய், சாதாரணத் தொடுதலைக்கூட வலியாக்கும், வலி அடிபட்ட இடத்தைத் தாண்டிப் பரவும். தோலைக் கிள்ளினால் துடிப்பது, நரம்பு வரைபடத்தில் அடங்காமல் பரவும் வலி — வாடெல் 'உடல்சாரா' என்று ஒதுக்கிய முதல் குறியே இதுதானே? உடல்சாராதது என்று நினைத்த ஒன்று நரம்பு மண்டலத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கலாம். 1980-ல் இதைத் தெரிந்திருக்க வழியில்லை, அதற்காக அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

அவர் தானே திறந்த கதவு

குற்றம் சொல்ல இடமிருப்பது பிற்காலத்தில். தன் கருவியைக் காப்பீட்டுக்காரர்கள் பறித்துக்கொண்டார்கள் என்று மட்டும் சொல்லி முடித்தால் கதை வாடெலுக்குச் சாதகமாகிவிடும். அந்த வருஷங்களில் அவர் மருத்துவமனையை விட்டு அரசுக் கொள்கைப் பக்கம் நகர்ந்தார். கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் ஒரு ஆய்வு மையம். அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனமான யூனம்பிராவிடென்ட்டின் பணத்தில் நடந்தது. தலைமையில் பிரிட்டிஷ் வேலை, ஓய்வூதியத் துறையின் முன்னாள் தலைமை மருத்துவ ஆலோசகர் மான்செல் அய்ல்வர்ட். இருவரும் சேர்ந்து 2005-ல் உடல்நலமின்மைக்கான அரசு உதவித்தொகை எந்த அறிவியல் அடிப்படையில் இருக்க வேண்டும் என்று ஒரு புத்தகம் எழுதினார்கள். 2006-ல் கிம் பர்ட்டனோடு சேர்ந்து, வேலை செய்வது உடம்புக்கு நல்லதா என்று அரசுத் துறைக்காக இன்னொன்று. மொத்தத்தில் நல்லது என்று முடிவு; வேலையின் தன்மையைப் பொறுத்தது என்ற நிபந்தனையும் அதிலேயே உண்டு.

2008-ல் பிரிட்டன் வேலைத்திறன் மதிப்பீடு என்ற புது முறையைக் கொண்டுவந்தது. உதவித்தொகை கேட்பவரைத் தனியார் நிறுவனத்தின் ஆள் பரிசோதித்துப் புள்ளி போடுவார். உடல்-மனம்-சமூகம் என்ற மாதிரிதான் இதற்குப் பின்னாலிருக்கும் அறிவியல் என்று சொல்லப்பட்டது. மாற்றுத்திறனாளிகள் பல வருஷம் தெருவில் இறங்கிப் போராடினார்கள். வாடெல் இறந்த 2017-லேயே மாற்றுத்திறன் பற்றி ஆராயும் டாம் ஷேக்ஸ்பியரும் இன்னும் இருவரும் எழுதிய கட்டுரை ஒன்று வந்தது. வாடெலும் அய்ல்வர்டும் சொல்லும் மாதிரி பாதிக்கப்பட்டவர் மேலேயே பழி போடுகிறது என்பதுதான் வாதம்.

நான் அந்த வாதத்தோடு முக்கால்வாசி உடன்படுகிறேன். 1987 வெங்காயத்தின் வெளி வட்டம் சமூகம். வேலைத்தளம், முதலாளி, சம்பளம், வரிசையில் காத்திருக்க வைக்கும் மருத்துவமனை எல்லாம் அதற்குள் வரும். 2005-க்கு வரும்போது அந்த வட்டம் மெலிந்து, நோயாளியின் நம்பிக்கை, நோயாளியின் மனப்பான்மை, நோயாளியின் முயற்சி என்பதே பெரிதாகிவிட்டது. அசைவது நல்லது என்பது மருத்துவ உண்மை. அசையாதவருக்குப் பணம் கிடையாது என்பது வேறு சமாச்சாரம். முதலாவதை நிரூபித்தவர் இரண்டாவதற்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காராமல் இருந்திருக்கலாம். மீதிக் கால்வாசி எங்கே என்றால், அவர் இல்லாமலே அந்தக் கொள்கை வந்திருக்கும். சிக்கனம் தேடும் அரசுக்கு ஏதாவது ஒரு மேற்கோள் கிடைக்காமலா போகும்?

ஒரு கேஸ் ஷீட்

போன வருஷம் எங்கள் ஓபிக்கு ஒரு சுமைதூக்கும் தொழிலாளி வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். அரிசி மண்டியில் வேலை, ஆறு மாதமாகப் போகவில்லை. கையில் மஞ்சள் பை, பையில் எம்ஆர்ஐ கவர். எல்4-எல்5-ல் லேசான புடைப்பு, அந்த வயதில் பாதிப் பேருக்கு இருப்பது. கூட வந்திருந்த மேஸ்திரி என் காதோரம் குனிந்து, "ஆள் நடிக்கிறானான்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க சார்" என்றார். அவரை வெளியே உட்காரச் சொன்னேன்.

தலையில் கை வைத்தேன்; இடுப்பைப் பிடித்தார். தோலைக் கிள்ளினேன், துள்ளினார். உட்காரவைத்து முழங்காலை நீட்டினேன். ஒன்றும் ஆகவில்லை, மழை வருமா என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று.

"என்னண்ணே, கையை வச்சதும் எதை நினைச்சுப் பயந்தீங்க?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "ஸ்கேன் பார்த்த டாக்டரு, தலையில மூட்டை வச்சா அந்த எலும்பு நொறுங்கி ரெண்டு காலும் போயிரும்னாரு தம்பி. நீங்க தலையில கை வைக்கவும்..."

முன்பெல்லாம் கேஸ் ஷீட்டில் 'வாடெல் 3/5' என்று எழுதிக் கோடு போட்டு முடித்துவிடுவேன். அன்றைக்கு அதை எழுதிவிட்டு, கீழே அவர் சொன்ன அந்த வாக்கியத்தை அப்படியே எழுதினேன். மேஸ்திரி கதவைத் தட்டினார். அரை மணி நேரம் ஆகும் என்று சொல்லி அனுப்பிவிட்டு, ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் மாட்டினேன்.

"வாங்கண்ணே, பக்கத்துல வந்து பாருங்க. உங்க முதுகு இதுதான்."